சமூக நூலகத்தில் பொது இணையம்: கணினி முதலில், விதிப் பலகை கடைசியில்

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் சங்கக் கட்டடத்திலோ கோயிலை ஒட்டிய அறையிலோ நூலகம் நடத்துகிறவர்கள், இணையத்தோடு நாலு கணினி போடலாம் என்று முடிவானதும் முதல் வேலையாக விதிப் பலகை எழுதக் கொடுத்துவிடுகிறார்கள். இருபது வரி. அதில் பாதி, கணினியே தடுத்துவிடக்கூடிய விஷயம். மீதியில் பாதி, யாரும் கண்காணிக்க முடியாதது. மாதம் ஒன்று போனால் பலகையை யாரும் பார்ப்பதில்லை, பொறுப்பாளரும் பார்ப்பதில்லை.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் இருக்கை, பிறகு கணினி, அதன்பின் இணைப்பு, பதிவேடு, நேரம், உதவி. இவற்றால் எதையெல்லாம் தடுக்க முடியவில்லையோ அதை மட்டும் பலகையில் எழுதுங்கள். ஆறேழு வரிக்கு மேல் வராது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நாலு கணினி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 4 ஜிபி ராம், முடிந்தால் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம். நன்கொடையாக வரும் பழைய கணினிகளில் கடிகார பேட்டரி செத்துப்போயிருக்கும். அது சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி, கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். வாங்கினதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எல்லாமே 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கும். உடனே பலர் இணையம் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரைக் கழற்றி மாட்டுவார்கள். பதிவேட்டு நேரமும் கணினி நேரமும் பொருந்தாமல் போவது தனித் தொல்லை.

கணினிக்கு யூபிஎஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் மட்டுமாவது ஒரு சிறிய யூபிஎஸ் வையுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் ரவுட்டர் திரும்ப எழுந்து வரச் சில நிமிடம் ஆகும். பாதி நிரப்பிய அரசுப் படிவம் அதற்குள் வெளியேறிவிடும்.

இதோடு கோடு போட்ட ஒரு பெரிய நோட்டு, எல்லாருக்கும் தெரிகிற சுவர்க் கடிகாரம், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான ரசீது. இணைப்பு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். ஒரு தன்னார்வலரின் சொந்தப் பெயரில் எடுத்தால், நாளை ஏதாவது புகார் வந்தால் காவல்துறை தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான்.

2. யாருக்கு, எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உறுப்பினருக்கு மட்டுமா, வருகிற எல்லாருக்குமா என்பது இப்போதே தீர்மானமாக வேண்டும். பின்னால் மாற்றினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

எதற்கு என்பதை எழுத உட்காருமுன், இந்தப் பகுதியில் உண்மையில் எதற்கு வருகிறார்கள் என்று பாருங்கள். மகாராஷ்டிர அரசின் மகாடிபிடி தளத்தில் உதவித்தொகை, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை, வருமானச் சான்று, பிஎஃப் கணக்கு, வேலை விண்ணப்பம், ஊருக்கு ரயில் டிக்கெட். பொழுதுபோக்கு இதற்கெல்லாம் பிறகுதான். 'விளையாட்டு, சினிமா கூடாது' என்று தடை போடுவதைவிட, 'காத்திருப்பவர் இருந்தால் படிவ வேலைக்கு முன்னுரிமை' என்ற ஒரே வரி அதிகம் வேலை செய்யும். காத்திருப்பவர் இல்லாத மதிய நேரத்தில் ஒரு பெரியவர் பழைய பாட்டைப் போட்டு இயர்போனில் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

3. இருக்கையை அமைத்தல்

திரைகள் பொது இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மத்திய அரசின் 2011ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகள், தடுப்பு வைத்தால் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றும், தடுப்பில்லாத கணினிகளின் திரை பொது வெளியை நோக்கி இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. சட்டத்தில் சைபர் கஃபே என்பதற்கான விளக்கம், வழக்கமான தொழிலாகப் பொதுமக்களுக்கு இணையம் தரும் இடம் என்கிறது. இலவச நூலகம் அதில் வருமா என்பதை நீங்களே முடிவு கட்டாதீர்கள். வட்டாரக் காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். பதில் எதுவானாலும் இந்த இருக்கை விதியைப் பின்பற்றுங்கள். எட்டுக்குப் பத்து அறையில் கண்காணிப்புக் கேமராவைவிட இதுதான் பயன்.

ஆனால் திரையைத் திறந்து வைத்தால் இன்னொரு சிக்கல் வரும். பின்னால் காத்திருப்பவர் கண்ணில் ஆதார் எண்ணும் சம்பளச் சீட்டும் படும். காத்திருப்போர் பெஞ்சைத் திரைக்குப் பின்னால் போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். பொறுப்பாளர் மேசையிலிருந்து திரையில் என்ன தளம் என்பது தெரிய வேண்டும், எழுத்து படிக்க முடியக் கூடாது. ஏழெட்டு அடி இடைவெளி இதற்குப் போதும்.

4. ஒருவர் எழுந்ததும் கணினி அவரை மறந்துவிட வேண்டும்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான். 'வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யவும்' என்று எழுதி ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். முதல் முறையாகக் கணினி முன் உட்காரும் ஒரு அக்காவுக்கு லாக் அவுட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்தவரும் அவசரத்தில் மறப்பார்.

என்ன மிஞ்சும் என்று பாருங்கள். இ-ஆதார் கோப்பு டவுன்லோட்ஸ் பெட்டியில் கிடக்கும். அதன் கடவுச்சொல், பெயரின் முதல் நாலு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். அடுத்து உட்காருபவருக்கு அவரைத் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் திறந்துவிடுவார். வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கும். வீட்டுக்குப் போனபிறகும் அவருக்கு வரும் செய்தியெல்லாம் நூலகத் திரையில் ஓடும். உலாவி 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' என்று கேட்டதற்குப் பழக்கத்தில் சரி கொடுத்திருப்பார்.

இதற்கு இரண்டு வழி உண்டு. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், நுழைவுத் திரை அமைப்பில் விருந்தினர் கணக்கை இயக்கலாம். அந்தக் கணக்கிலிருந்து வெளியேறியதும் கோப்பு, கடவுச்சொல், வரலாறு எல்லாம் அழிந்துவிடும். செலவில்லை, பழைய கணினியிலும் ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் போடலாம். ஆனால் விருந்தினர் கணக்கில் நீங்கள் செய்து வைத்த அமைப்பும் சேர்ந்தே அழியும். அதனால் விசைப்பலகை, பிரின்டர் இரண்டையும் எல்லாக் கணக்குக்குமாக அமைத்துவிட்டு, நாலைந்து முறை வெளியேறி நுழைந்து சரிபார்த்த பிறகே திறந்து விடுங்கள்.

விண்டோஸ்தான் வேண்டும் என்றால், டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். இதில் மறக்கக் கூடாதது: உறைந்த நிலையில் இருக்கும்போது வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் அணைத்ததும் போய்விடும். வாரம் ஒருமுறை உறைவை நீக்கி, புதுப்பித்து, மறுபடி உறைய வைக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றுவதே புத்தி.

எந்த வழியானாலும் கூடவே மூன்று: உலாவியில் கடவுச்சொல் சேமிப்பை நிறுத்துங்கள், பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே வெளியேறும்படி (உறைய வைத்த விண்டோஸ் என்றால் அணைந்து எழும்படி) வையுங்கள், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டு, பென் டிரைவிலிருந்து கணினி எழுவதைத் தடுங்கள்.

அழிப்பதற்கு ஒரு விலையும் உண்டு. நேரம் முடிந்து கணினி வெளியேறினால் அரைகுறையாக எழுதிய விண்ணப்பமும் போய்விடும். ஆகவே முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பொறுப்பாளர் வாயால் சொல்ல வேண்டும்: 'அக்கா, அஞ்சு நிமிஷம் இருக்கு, வேண்டியதை மெயில்ல அனுப்பிருங்க, இல்லன்னா அழிஞ்சிரும்.' திரையில் வரும் எச்சரிக்கையைப் பலர் படிக்காமலே மூடிவிடுவார்கள்.

5. இணைப்பில் வடிகட்டி

ஆபாசத் தளம் கூடாது என்று எழுதுமுன், அவை திறக்காதபடி செய்யுங்கள். தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றினால், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் குடும்ப வடிகட்டி வயது வந்தோர் தளங்களையும் தீங்கு செய்யும் தளங்களையும் இலவசமாகத் தடுக்கும். சில இணைப்பு நிறுவனங்களின் ரவுட்டர் இதை மாற்ற விடாது. அப்போது ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகப் போடுங்கள்.

போட்டுவிட்டும் தடை வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் உலாவிதான். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற பெயரில் தங்கள் சொந்த வழியில் முகவரி தேடக்கூடும். அதை நிர்வாகி கணக்கிலிருந்து நிறுத்தி, பயனர் மாற்ற முடியாதபடி பூட்டுங்கள். தேடுபொறிக்குள்ளேயே வரும் படங்களுக்கு, சேஃப்சர்ச் என்ற தேடுபொறியின் சொந்த வடிகட்டியைத் தனியாக இயக்க வேண்டும். ரவுட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

வடிகட்டி சில நேரம் தேவையானதையும் அடைக்கும். மார்பகப் புற்றுநோய், கருத்தடை, பாலியல் புகார் பற்றிய பக்கங்களை நீங்களே திறந்து பாருங்கள். அடைபட்டால் கணினியில் மாற்று ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பெண் இதைக் கேட்டு வந்து நிற்கும்படி வைக்காதீர்கள்.

போனுக்கு வை-ஃபை கொடுப்பதை முதல் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். வை-ஃபையில் இருப்பவர் படிக்கட்டில் இருக்கிறாரா, அடுத்த சந்தில் இருக்கிறாரா என்று தெரியாது. ஆனால் அவர் செய்யும் எதுவும் சங்கத்தின் இணைப்பு எண்ணில்தான் பதியும்.

6. பதிவேடு

2011 விதிகள் சைபர் கஃபேயிடம் கேட்பவை: பெயர், முகவரி, பாலினம், தொடர்பு எண், அடையாள அட்டை விவரம், தேதி, கணினி எண், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். ஓராண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் நோட்டிலும் இதே கட்டங்களைப் போடுங்கள். உறுப்பினரின் முகவரியும் போன் எண்ணும் ஏற்கெனவே உறுப்பினர் புத்தகத்தில் இருக்குமானால் தினமும் எழுத வேண்டாம், உறுப்பினர் எண் போதும். காவல் நிலையம் உங்களையும் சைபர் கஃபே என்று பதிவு செய்யச் சொன்னால், அடையாள அட்டையின் நகலையும், பார்த்த தளங்களின் பதிவையும் ஓராண்டு காக்க வேண்டும். தளப் பதிவுக்குச் சாதாரண வீட்டு ரவுட்டரில் இடம் கிடையாது, தெரிந்தவரை வைத்துத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

அப்படிப் பதிவு செய்யச் சொல்லாதவரை, ஆதாரின் ஜெராக்ஸ் வாங்கிக் கட்டு கட்டாமல், அட்டையைப் பார்த்துவிட்டு அதன் வகையையும் கடைசி நாலு எண்ணையும் மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். ஆதாரே வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். வாக்காளர் அட்டை, பான், ஓட்டுநர் உரிமம், கல்லூரி அட்டை எதுவும் செல்லும்.

நோட்டு திறந்தபடி மேசையில் கிடக்கக் கூடாது. அடுத்து எழுத வருபவர் முந்தைய பெண்ணின் போன் எண்ணைப் பார்த்து மனப்பாடம் செய்வது நடக்கிற காரியம். பொறுப்பாளரே எழுதி, உறுப்பினரிடம் கையெழுத்து மட்டும் வாங்கட்டும். மேலே உள்ள வரிகளை ஓர் அட்டையால் மூடிக்கொள்ளுங்கள்.

7. நேரப் பங்கீடு

எல்லாருக்கும் அரை மணி என்ற சமநீதி அரசுப் படிவத்தில் எடுபடாது. உதவித்தொகைப் படிவத்துக்கு ஆவணங்களை ஸ்கேன் செய்து, அளவு குறைத்து, ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் சாதாரணம். நடுவில் எழுப்பினால் மறுநாளும் அதே படிவத்தோடு வருவார். ஆகவே இரண்டு கணினியில் ஒரு மணி நேர முன்பதிவு, ஒன்றில் அரை மணி, மீதி ஒன்றில் முன்பதிவே இல்லாமல் பத்து நிமிடம். பிரின்ட் மட்டும் எடுக்க வருகிறவர்களை இந்தக் கடைசிக் கணினி வேகமாக அனுப்பிவிடும். நாற்காலி போடாமல் உயரமான மேசையில் வைத்தால் இன்னும் வேகம்.

தட்கல் என்ற அவசர ரயில் முன்பதிவு திறக்கும் நேரத்துக்குத் தனி விதி தேவை. ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. மே விடுமுறையிலும் பொங்கலுக்கு முன்னும் திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிக்காக நாலு கணினிக்கும் இருபது பேர் நிற்பார்கள். முந்தின நாள் மாலை பெயர் எழுதி, வந்தவர் முன்னிலையில் சீட்டுக் குலுக்குங்கள். 'முதலில் வந்தவருக்கே' என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் வரிசை தொடங்கிவிடும், வேலைக்குப் போகும் பெண்கள் அதில் நிற்கவே முடியாது.

2025 ஜூலை முதல் இணையத் தட்கலுக்கு ஆதாரோடு சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கும், ஆதாருடன் இணைந்த போனுக்கு வரும் ஓடிபியும் கட்டாயம். முந்தின நாளே இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். கணக்கைச் சரிபார்க்காமல் பத்து மணிக்கு உட்கார்ந்தவர் இடத்தையும் இழப்பார், இன்னொருவர் வாய்ப்பையும் கெடுப்பார். தன்னார்வலர் இரக்கப்பட்டுத் தன் சொந்தக் கணக்கில் பிறருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அனுமதியில்லாமல் டிக்கெட் எடுத்துத் தருவதைத் தொழிலாகச் செய்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவில் குற்றம். காசு வாங்கவில்லை என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு ஏன் போக வேண்டும்?

8. உதவி எதுவரை

படிக்கத் தெரியாதவர், இந்தி மராத்தி எழுத்து பிடிபடாதவர், பயந்து மவுஸைத் தொடாதவர் எல்லாரும் வருவார்கள். உதவத்தான் நூலகம். ஆனால் எல்லை முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கீபோர்டு உறுப்பினர் கையிலேயே இருக்கட்டும். தன்னார்வலர் பக்கத்தில் நின்று விரலால் காட்டட்டும். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. அடுத்த முறை அவர் உங்களைக் கூப்பிட மாட்டார். எழுதவே தெரியாதவருக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம், ஆனால் சமர்ப்பிக்குமுன் ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

ஓடிபியையும் கடவுச்சொல்லையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. 'பாப்பா, நம்பர் வந்திருக்கு, நாலு அஞ்சு...' என்று ஓர் ஆச்சி தொடங்கும்போதே தடுத்து, எண் விசையைக் காட்டி அவரையே அழுத்தச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பலருக்கும் எண் தெரியும். கடவுச்சொல்லைத் தன்னார்வலர் தன் டைரியில் குறித்து வைத்து 'மறந்தால் என்னிடம் கேளுங்கள்' என்பது நல்லெண்ணம்தான். ஆனால் அந்த டைரி தொலைந்தால் ஒரு தெருவின் கணக்கு முழுவதும் தொலையும்.

வங்கிப் பரிமாற்றம், யூபிஐ பின் இரண்டிலும் உதவி கிடையாது. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எப்போதும் தேவைப்படாது. கேட்டால் அது மோசடி. யாராவது போனில் பேசிக்கொண்டே, எதிர்முனை சொல்லச் சொல்லக் கணினியில் எதையோ இறக்கினால் உடனே நிறுத்துங்கள். தொலைவிலிருந்து திரையைப் பிடிக்கும் செயலியாக இருக்கும். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அவரையே பேச வையுங்கள்.

9. சிறுவர்கள்

பள்ளி அட்டை இருந்தால் தனியாக உட்காரலாம், இல்லையென்றால் அடையாள அட்டை உள்ள பெரியவர் கூட இருக்க வேண்டும். அவர்களுக்குப் பொறுப்பாளர் மேசைக்கு மிக அருகில் உள்ள கணினி. ஒரு திரைக்கு இரண்டு பிள்ளைகள் உட்காரலாம், மூன்றாவது ஆள் வந்தால் சண்டை. பெற்றோரிடம் ஒருமுறை கையெழுத்து வாங்கும்போது, எந்த நேரத்தில் வருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். டியூஷனுக்குப் போகிறேன் என்று இங்கே வந்து உட்காரும் பிள்ளை விஷயத்தில் பிறகு உங்களிடம்தான் கேள்வி வரும்.

10. பிரின்ட், பென் டிரைவ்

முதல் பக்கத்தைத் திரையில் காட்டி, எத்தனை பக்கம் என்று சொல்லி, காசு வாங்கிய பிறகே அச்சு. இல்லாவிட்டால் ஒரு பக்க ரசீதுக்குப் பதினெட்டுப் பக்கம் வந்து நிற்கும். கெட்டுப்போன தாள்களை ரஃப் பேப்பராகப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், அதில் யாருடைய பான் எண்ணாவது இருக்கும். கிழித்துப் போடுங்கள். பென் டிரைவ் அனுமதிக்கலாம். கணினி ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குத் திரும்புவதால் வைரஸ் கணினியில் தங்காது. ஆனால் அதே கணினியில் அடுத்தடுத்துச் செருகும் டிரைவுகளுக்குள் பரவலாம், ஆகவே ஒரு டிரைவ் வந்துபோனதும் வெளியேறி நுழையுங்கள், உறைய வைத்த விண்டோஸ் என்றால் அணைத்து எழுப்புங்கள்.

11. இப்போது பலகை

தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும். 2011 விதிகள் ஆபாசத் தளம் பார்ப்பதும் சட்டம் தடுத்தவற்றை நகலெடுப்பதும் கூடாது என்று பலகை வைக்கச் சொல்வதால் அது ஒரு வரி. மாதிரி இது:

அடையாள அட்டை காட்டிப் பெயர் பதிந்த பிறகு உட்காரவும்.
காத்திருப்பவர் இருந்தால் படிவ வேலைக்கு முன்னுரிமை.
எழுந்ததும் எல்லாம் அழிந்துவிடும். வேண்டியதை முன்பே அனுப்பிக்கொள்ளவும்.
ஓடிபி, கடவுச்சொல் யாரிடமும் சொல்ல வேண்டாம், எங்களிடமும்.
ஆபாசத் தளங்களைப் பார்ப்பதும், சட்டம் தடுத்தவற்றை இறக்குவதும் நகலெடுப்பதும் கூடாது.
இயர்போன் இல்லாமல் ஒலி வேண்டாம். போன் பேச வெளியே செல்லவும்.
அடுத்தவர் திரையைப் பார்க்க வேண்டாம்.

எழுத்து ஓர் அங்குலமாவது இருக்கட்டும், உட்கார்ந்தபடி படிக்கும் உயரத்தில்.

12. மீறினால்

முதல் முறை காதருகே போய் மெதுவாக: 'அண்ணாச்சி, இந்த சைட் இங்க வேண்டாம், மூடிருங்க.' எல்லார் முன்னும் சத்தம் போட்டால் அவரோடு அவர் வீட்டுப் பெண்களும் வருவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் முறை அன்றைய நேரம் ரத்து. மூன்றாவது என்றால் ஒரு மாதம் கணினி கிடையாது. புத்தகம் எடுப்பதைத் தடுக்காதீர்கள். தன்னார்வலர் தனியாகத் தண்டனை கொடுக்க வேண்டாம், குழுவில் இருவர் கையெழுத்து வேண்டும்.

குழந்தைகளைத் தவறாகக் காட்டும் படம், மிரட்டல், பண மோசடி என்றால் படிநிலை எதுவும் கிடையாது. கணினியை அணைக்காதீர்கள், விருந்தினர் கணக்கிலிருந்து வெளியேறவும் விடாதீர்கள். வெளியேறினால் சாட்சியம் அழியும். தானாக வெளியேறும் பத்து நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் மவுஸை அவ்வப்போது அசைத்துக்கொண்டிருங்கள். திரையை மட்டும் அணையுங்கள். படத்தைப் போனில் பிடிக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம், அதுவே குற்றமாகிவிடும். கணினி எண், நேரம் குறித்து, 112ஐ அழையுங்கள்.

13. வாரம் ஒருமுறை

கூட்டமில்லாத ஒரு காலை, ஒரு மணி நேரம். புதுப்பிப்புகளைப் போடுங்கள். நாலு கணினியின் கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். தடுக்க வேண்டிய ஒரு தளம் திறக்காமல் இருக்கிறதா, தடுக்கக் கூடாத ஒரு மருத்துவப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் கணக்கில் ஒரு கோப்பைச் சேமித்து, வெளியேறி, நுழைந்து, அது போய்விட்டதா என்று சோதியுங்கள். புதுப்பிப்புக்குப் பிறகு இந்த அமைப்பு சத்தமில்லாமல் மாறிவிடுவதுண்டு. பிரின்டரின் காத்திருப்புப் பட்டியலைக் காலி செய்யுங்கள். பதிவேட்டில் ஓராண்டு தாண்டிய தாள்களை, விசாரணை எதுவும் நிலுவையில் இல்லையென்றால், இரண்டு பேர் முன்னிலையில் துண்டு துண்டாகக் கிழித்துவிடுங்கள். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடக் கூடாது.